தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை

வளர்மதி,

இதை உன்னிடம் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். நேரில் பேசினால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் என் குரல் உயரும், நீ எழுந்து மாடிக்குப் போய்விடுவாய், உன் அம்மா கையில் கரண்டியோடு வந்து நம் இருவருக்கும் பொதுவாக ஓர் அர்ச்சனை நடத்துவாள். எடுத்த பேச்சு முடியாது. நீ சென்னையில் படகுப் பயிற்சி முடிந்து சனிக்கிழமை வருகிறாய். அதற்கு முன்னால் இது உன் கையில் கிடைக்க வேண்டும். அதனால் எடைமேடை அறையில் உட்கார்ந்து, லாரி வராத நேரத்தில் எழுதுகிறேன். எங்காவது கையெழுத்து கோணலாகப் போனால், வெளியே ஒரு டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான் என்று வைத்துக்கொள்.

விஷயம் இதுதான். முந்தாநாள் செந்திலின் அம்மா போன் செய்தார்கள். மண்டபம், சமையல், யார் யாருக்குத் துணி எடுப்பது என்று ஊர்ப்பட்ட பேச்சுக்குப் பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள்: "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பொண்ண எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் தனியா கடலுக்குப் போறேன்னா எப்டிங்க? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நாங்க சொன்னா மாமியார்க்காரி இப்பவே ஆரம்பிச்சிட்டாளேன்னு நெனைப்பா. நீங்க அப்பா. நீங்க சொன்னா கேப்பா. பத்திரிகை அடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க." நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க, நான் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். கடலை விட்டுவிடு என்று உனக்கு எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, உனக்கும் வேண்டாம். அவர்கள் பேசியது பயத்தில். அந்தப் பயம் அவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நம் வீட்டில்தான் குடியிருந்தது. நம் குடும்பம் வில்லியனூர்ப் பக்கத்து நிலத்துக் குடும்பம். ஏரியையும் கிணற்றையும் தெரியும், எதிர்க்கரை தெரியாத தண்ணீரோடு நமக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வருஷத்தில் ஒரு நாள், மாசி மகத்தன்று, சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும்போது நாமும் கூடவே போய் முழங்கால் அளவு இறங்கி, தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, அடுத்த அலை வருவதற்குள் மேலே ஓடி வந்துவிடுவோம். சாமியையே அதிகம் உள்ளே கொண்டுபோக மாட்டார்கள், நாம் எம்மாத்திரம். முத்தியால்பேட்டைக்குக் குடிவந்த பிறகும் அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டால் உன் அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். சுனாமிக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பீச் ரோட்டில் நடக்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டோம்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நீ பி.காம். முடித்துவிட்டு, கணக்கு எழுதும் வேலை என்று சொல்லிக்கொண்டு சொல்தாவின் படகுப் பள்ளிக்குப் போனாய். அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர், அதனால் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். பிள்ளைச்சாவடி தாண்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, சில பாய்ப்படகுகளை வைத்துக்கொண்டு, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கணக்கு எழுதப் போகிற பெண்ணின் துப்பட்டாவில் உப்பு பூத்து வரும்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாங்கள் விசாரிப்பதற்குள் நீ இரண்டாவது ஆளாகப் படகில் போகப் பழகியிருந்தாய். அடுத்து உனக்குத் தனியாகப் போக வேண்டும்.

அந்தப் படகை நான் முதலில் மணலில்தான் பார்த்தேன். மெல்லிய ஓடங்கள் இரண்டு, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கக் குழாய்கள், நடுவில் உட்கார இழுத்துக் கட்டிய முரட்டுத் துணி, மேலே நம் வீட்டை விட உயரமான பாய்மரம். நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய் இதற்குக் கேட்டமரான் என்று வைத்தார்கள் என்று சொல்தா சொன்னார். பெயரைத் தவிர வேறெதுவும் நம்முடையதாக எனக்குத் தெரியவில்லை. காற்று கூடினால் ஒரு பக்கத்து ஓடம் தண்ணீரை விட்டு எழும்புமாம். இன்னும் கூடினால் படகு மொத்தமாகச் சாய்ந்து, பாய் தண்ணீரில் படுத்துவிடுமாம். அப்போது கீழே கிடக்கும் ஓடத்தில் ஏறி நின்று, மேலே நிற்கும் ஓடத்தின் மேல் கயிற்றைப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். நம் உடம்பின் பாரம்தான் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் சுலபம். தனியாக என்றால், ஆள் பாரமாக இருக்க வேண்டும்.

"தனியாப் போவணும்னா தனியா நிமித்தத் தெரியணும்" என்றார் சொல்தா. "அது தெரியாம ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். ஃபினி, முடிஞ்சிது." ஆளைப் பார்த்ததும் எடை சொல்வது என் தொழில் புத்தி. உன் எடையை இங்கே எழுத மாட்டேன், நீ கோபித்துக்கொள்வாய். கரையோரத்தில் படகைச் சாய்த்துப் போட்டு உன்னை நிமிர்த்தச் சொன்னபோது, நீ கொடியில் காயப்போட்ட பாவாடை மாதிரி கயிற்றில் தொங்கினாயாம், படகு அசையவே இல்லையாம். நீ அழுதுகொண்டே வந்து சொன்னாய். நான் உச்சுக் கொட்டினேனே தவிர, உள்ளுக்குள் ஒரே நிம்மதி. விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

உன் அம்மா முடிய விட்டாளா? கடலென்றால் அவளுக்கு என்னை விடப் பயம். ஆனால் பெண்ணுக்கு எடை பத்தவில்லை என்று வெளி ஆள் ஒருவர் சொன்னது அவளுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "நான் எம்பொண்ணுக்குச் சோறு போடலன்னு சொல்றாரா அந்த மனுஷன்?" என்று ஆரம்பித்தவள், காலையில் முட்டை, மத்தியானம் நெய், சாயங்காலம் உளுந்தங்களி என்று உன்னைத் துரத்தித் துரத்தி ஊட்டினாள். நீ கடலுக்குப் போகக் கூடாது என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டே, நீ போவதற்கு வேண்டிய சதையை அவளே ஏற்றிக்கொண்டிருந்தாள். கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பியது.

எனக்கும் ரோஷம் வந்தது என்று வைத்துக்கொள். எடை என்றால் அது என் இலாகா. எங்கள் கேட்டுக்கு எதிரே லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கெட்டியாக ஒரு பை தைக்கச் சொன்னேன், இரட்டைத் தையல், தோளில் மாட்டப் பட்டை எல்லாம் வைத்து. அதில் மணலைக் கொட்டி, நம் எடைமேடைப் பக்கத்துச் சின்னத் தராசில் நிறுத்து, உனக்குக் குறைகிற எடைக்குச் சரியாக வைத்து, டி.வி.எஸ். வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இத முதுகுல மாட்டிக்கோ. கணக்கு நேராப் போயிடும்" என்று வாசலில் இறக்கி வைத்தேன். நீ பையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ப்பா, படகு கவுந்தா மொதல்ல நான்தாம்ப்பா தண்ணியில கெடப்பேன். இதக் கட்டிக்கிட்டு இருந்தா நேரா அடிக்குப் போயி உக்காந்துக்க வேண்டியதுதான்." தரையில் நிற்கிற லாரிகளை மட்டுமே நிறுத்துப் பழகியவனுக்கு அது தோன்றவே இல்லை.

சிரித்து முடித்தவள் சட்டென்று எழுந்து பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். மணலை முருங்கை மரத்தடியில் கொட்டினாய். பின்கட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்முக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், பையை அதற்குள் அமுக்கி நிரப்பி, "இப்பத் தூக்கு" என்றாய். தண்ணீருக்குள் அந்தப் பை என் ஒரு விரலில் வந்தது. இலவம்பஞ்சு. "இன்னும் தூக்கு" என்றாய். பை தண்ணீரை விட்டு மேலே வந்த இடத்தில் என் கை தொய்ந்து டிரம்மின் விளிம்பில் இடித்தது. "சொல்தாவோட புஸ்தகத்துல படம் பாத்தேன். அவருகிட்ட பை இல்ல. வேணும்ங்கறப்ப கடல்லயே மொண்டுக்கலாம். வேலை முடிஞ்சா கடல்லயே கொட்டிடலாம்" என்றாய். நான் அந்த டிரம்மை விட்டு வரவில்லை. அமுக்குவதும் தூக்குவதுமாக, உன் அம்மா வந்து திட்டும்வரை நின்றிருந்தேன். இத்தனை வருஷம் எடை போட்டிருக்கிறேன், எடை என்பது ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதே தண்ணீர், அதே பை, ஒரு கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே வந்தால் ஒரு மூட்டை.

அந்தப் பையோடு நீ கரையோரத்தில் நிமிர்த்திக் காட்டினாய், சொல்தா உன்னைத் தனியாக அனுப்ப ஆரம்பித்தார். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதைப் பற்றி நாம் இதுவரை பேசியதும் இல்லை. ஆனி மாதக் காலை. எனக்கு வார லீவு. நீ டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனதால் உன் அம்மா என்னை விரட்டினாள். நான் கொட்டகைக்கு வரும்போது நீ தூரத்தில் ஒரு வெள்ளைப் பாயாக இருந்தாய். முதுகில் மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, மணலைக் கிளப்பிக் கடல் பக்கமாக ஓட்டிக்கொண்டு. நான் செருப்பை உதறிவிட்டு நிமிர்ந்தேன். பாயைக் காணவில்லை.

சொல்தா பைனாகுலரை இறக்காமலே "கவுந்திடுச்சி. நிமித்திடுவா" என்றார். சொல்லிவிட்டுப் பைனாகுலரைத் தெற்கே திருப்பினார். பள்ளியின் இன்ஜின் போட் இரண்டு வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போயிருந்தது. கரைக் காற்று, சாய்ந்து கிடக்கும் படகை உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போகும் என்பது எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் நிலம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் ஓடினேன். பிள்ளைச்சாவடிக்காரர் ஏழுமலை வலையை இறக்கிவிட்டுப் பைபர் போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பியைக் கூப்பிட்டுப் போட்டைத் தள்ளினார். அவர் ஏறச் சொல்லவில்லை, நானாகத்தான் ஏறினேன். அலையில் போட் எகிறியபோது எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை, மாசி மகத்துக்கு வருகிற அத்தனை பேரையும் கூப்பிட்டிருப்பேன்.

நாங்கள் நெருங்கியபோது நீ கையை நீட்டித் தடுத்தாய். "கிட்ட வராதீங்க! கயிறு இன்ஜின்ல சுத்திக்கும்! மரம் தூக்கினா ஒங்க மேல வந்திடும்!" தண்ணீர் வழியும் கண்ணோடு நீ, வந்தது யாரென்று பார்க்கவில்லை, போட்டை மட்டும்தான் பார்த்தாய். நான் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "போ தம்பி, புள்ளைய ஏத்திக்கலாம். படகு போனாப் போவுது." அவர் இன்ஜினை அணைத்துவிட்டார். "இருண்ணே. நிக்கச் சொல்லுதுல்ல. அதுக்கு ஏதோ வேலை இருக்குது."

நான் எழுந்து நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முதலில் படகை விட்டுவிடாமல் பிடித்தபடியே நீந்தி, பாயை இழுத்துக் கட்டியிருந்த கயிறுகளைத் தளர்த்தினாய். பிறகு கீழே கிடந்த ஓடத்தில் ஏறி, முனைக்கு நடந்துபோய், அங்கே நின்றாய். சும்மா நின்றாய். ஒன்றுமே செய்யவில்லை. படகு எங்களோடு சேர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, நீ குழாயைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நிற்கிறாய். பயத்தில் உறைந்துவிட்டாய் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன், படகு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. உன் பாரம் அந்த முனையை அமுக்க, காற்று மற்ற முனையைத் தள்ளிக்கொண்டு வந்தது. பாய்மரத்தின் நுனி காற்று வரும் திசைக்கு வரும்வரை நீ அசையவில்லை. வந்ததும் ஓடிவந்து கயிற்றைப் போட்டுச் சாய்ந்தாய். படகு அசையவில்லை. பாய் முழுக்கத் தண்ணீர்.

நீ குழாயில் கட்டி வைத்திருந்த பையை எடுத்தாய். ஓடத்தின் மேல் குந்தி, அதைக் கடலில் அமுக்கி, வாய் வரை நிரப்பி, பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து மெல்ல எழுந்தாய். பை தண்ணீரை விட்டு வெளியே வந்தது. வளர்மதி, அந்த எடை வந்து உன் தோளில் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். உன் முழங்கால் இரண்டும் நடுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. நீ அப்படியே பின்னால், தண்ணீரின் மேல், படுப்பது போலச் சாய்ந்தாய். கொஞ்ச நேரம் எதுவுமே நடக்கவில்லை. கடல் முழுவதும் ஒரு பக்கம் அந்தப் பாயைப் பிடித்துக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் நீ, உன் முதுகில் அதே கடலிலிருந்து மொண்ட ஒரு பை. பிறகு பாய்மரத்தின் நுனி ஒரு சாண் எழும்பியது. பாயிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடியது. அந்தச் சாண் இடைவெளியில் காற்று உள்ளே நுழைந்தது, நீ காத்திருந்த அதே காற்று. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மூச்சில். பாய்மரம் வானத்துக்கு எழுந்தது, மேலே நின்ற ஓடம் உன் தலைக்குப் பக்கத்தில் தண்ணீரை அறைந்துகொண்டு இறங்கியது, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. உன்னைக் காணவில்லை.

நான் கத்தினேனா என்று ஏழுமலையைத்தான் கேட்க வேண்டும். இரண்டு ஓடங்களுக்கும் நடுவிலிருந்து ஒரு கை வந்து குழாயைப் பிடித்தது. பிறகு தலை. பிறகு நீ முழுதாக ஏறி, துணியின் மேல் குப்புற விழுந்து, மூச்சு வாங்கினாய். "எங்க கட்டுமரம் கவுந்தா எந்தப் பக்கமானாலும் ஏறி உக்காந்துக்குவோம்ண்ணே, ரெண்டு பக்கமும் கட்டதான்" என்றார் ஏழுமலை. "இத ஒத்தப் பொண்ணு நிமித்தும்னு நான் நெனைக்கல." மாசி மகத்தன்று சாமி அலையைத் தொடும்போது அத்தனை கூட்டமும் ஒரு கணம் பேச்சை நிறுத்துமே, எனக்குள் அதுதான் நடந்தது. உன்னைப் பெற்றவன் என்ற நினைப்பே வரவில்லை. யாரோ பெரிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். "ப்பா? நீயா? கடல்லயா?" என்றாய். இவ்வளவையும் செய்து முடித்தவளுக்கு நான் போட்டில் இருந்ததுதான் நம்ப முடியாத விஷயமாக இருந்தது. என் கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. "இட்லியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாயைத் திருப்பிக்கொண்டு கரைக்குப் போய்விட்டாய்.

இதைக் கல்யாண வாழ்க்கைக்கு உவமையாக்கி, கவிழ்ந்தால் எப்படி எழுவது என்று நாலு புத்தி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அப்பாக்கள் எழுதும் கடிதத்தில் அதுதானே வழக்கம். எனக்கு வரவில்லை. நான் பார்த்தது எதற்கும் உவமை இல்லை. ஒரு படகு, ஒரு பை, என் பெண். உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பயப்படுவது கரையில் நிற்கிறவர்கள் வேலை. அதை நாங்கள் ஒழுங்காகச் செய்துகொள்கிறோம், எங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. கடலை விட வேண்டும் என்று உனக்கே தோன்றினால் விடு, நான் ஏன் என்றுகூடக் கேட்க மாட்டேன். எங்களுக்காக விடாதே.

இன்று காலை செந்திலின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். "எழுதிப் பாத்தேங்க. வரல" என்றேன். "என்னா வரல?" என்றார்கள். "போவாதன்னு எழுத வரலங்க. நான் ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன். பாத்தவனால அதச் சொல்ல முடியாது." "அப்ப கல்யாணம்?" என்றார்கள். நான் சொன்னேன்: "பத்திரிகை இன்னும் அடிக்கக் குடுக்கல. ஞாயித்துக்கெழம அவ கடலுக்குப் போவா. மாப்பிள்ளைய அனுப்புங்க. எங்கூட கரையில நிக்கட்டும். அவ திரும்பி வர்ற வரைக்கும் நின்னு பாத்துட்டு, அப்புறம் அவரே சொல்லட்டும்." "அவனுக்குக் கடல்னாலே ஆவாதுங்களே" என்றார்கள். "எனக்கும்தாங்க" என்றேன். சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்கள். உன் அம்மா எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

உன்னைக் கேட்காமல் உன் கல்யாணத்தைத் தராசில் வைத்துவிட்டேன். அதற்கு நீ வந்து என்னைத் திட்டலாம், நான் குரலை உயர்த்த மாட்டேன். செந்தில் நல்ல பையன்தான். வருவானா என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதி முடிக்கும்வரை போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காற்று பலமாக இருக்கும், பார்த்துப் போ. நான் கொட்டகைக்கு முன்னால் நிற்பேன். என் பக்கத்தில் ஆள் நிற்கிறதா இல்லையா என்று, படகைத் தள்ளும்போது நீ திரும்பிப் பார்க்காதே.

அப்பா